எந்தக் கையிடம் வயிற்றைக் கொடுப்பது

வகுப்பில் நான் தூங்கிவிடுகிறேன் என்பதைப் பிள்ளைகள் யாரும் வீட்டில் போய்ச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில் சிரம்பானுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தானாகச் சொருகிவிடும். ஒருநாள் விழித்துப் பார்த்தபோது வகுப்பு அப்படி ஓர் அமைதியில் இருந்தது. எல்லாரும் எழுதி முடித்து, கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சருக்கு உடம்பு சரியில்லை, சத்தம் போடக்கூடாது என்று அவர்களே பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அம்பாங்கானில் எங்கள் வீடு. அங்கிருந்து பள்ளிக்கு நானே கார் ஓட்டிப் போவேன். பெரிய சாலையை விட்டுத் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரவரிசை. ஒரு காலையில் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது கார் மூக்கைக் கால்வாய்க்குள் விட்டு நின்றதும், ரப்பர்ப் பால் ஏற்றிவந்த லாரிக்காரர் கண்ணாடியைத் தட்டியதும்தான். எனக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் பள்ளிக்கு நடந்துவரும் பிள்ளைகள் அந்த ஓரமாகத்தான் வருவார்கள். லாரிக்காரர் கயிறு கட்டிக் காரை இழுத்து மேலே விட்டுப் போன பிறகும், நான் அந்த ஓரத்திலேயே நின்று மண்ணில் பிள்ளைகளின் காலடித் தடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

சிரம்பானில் லோபாக் பகுதியில் எங்களுக்கு வழக்கமாக மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். அவருடைய கிளினிக்கில் இருந்த தராசில் நான் ஏறினால் முள் கடைசிக் கோட்டைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். கழுத்துச் சதை தூக்கத்தில் மூச்சுக் குழாயை அடைக்கிறது, ராத்திரி முழுக்க நான் உண்மையில் தூங்கவே இல்லை, அதனால்தான் பகலில் இப்படி என்றார். ரத்தத்தில் சர்க்கரை கூடி, இனிப்பு நீர் வேறு ஏறிக்கொண்டிருந்தது. பட்டினி, பொடி கலக்கிக் குடிப்பது, கோயில் விரதம் என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். குறைந்ததைவிடக் கூடுதலாகத்தான் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. வயிற்றுப் பையின் மேல்பக்கத்தைச் சின்னதாகத் தடுத்துக் கம்பித் தையல் போட்டுவிடும் ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது, இப்போது இங்கேயும் செய்கிறார்கள் என்று முதலில் சொன்னவர் அவர்தான். யாரிடம் போவது என்று கேட்டேன். அதை விசாரித்து நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடல்வால் வலி வந்தால் யாரும் டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில்லை. தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அன்று யார் வேலையில் இருக்கிறாரோ அவர் அறுப்பார். என்னுடையது அப்படி அல்ல. சொந்தக் காலில் நடந்து போய், நல்ல வயிற்றைக் கொடுத்து, இதை வெட்டுங்கள் என்று நானே கேட்கவேண்டும். பசாரில் மீன்காரன் மீனைச் சீவும்போது அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். தையல்காரர், முடிதிருத்துபவர், பேருந்தில் டிக்கெட் கிழிப்பவர், யார் கையைப் பார்த்தாலும் இது எப்படிப்பட்ட கை என்று மனசு கேட்டது. போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிடுவேன். அடுப்படியில் டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவேன்.

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். எந்தப் பொருளையும் பெரிய கடையில் வாங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. கெட்டுப்போனால் போய்ச் சண்டை போட ஓர் இடம் வேண்டும் என்பார். கோலாலம்பூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியைப் பற்றி யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, உடனே நாள் வாங்கிவிட்டார்.

அங்கே டாக்டர் அறையில் குளிர் எலும்பில் இறங்கியது. சுவரில் இரண்டிரண்டாகப் படங்கள் மாட்டியிருந்தன. இடப்பக்கம் பருத்த பெண், வலப்பக்கம் அவளே மெலிந்து, புது உடுப்பில். டாக்டர் இனிமையாகப் பேசினார். சட்டைக் கையில் பொத்தான் மின்னியது. படம் வரைந்து எல்லாவற்றையும் விளக்கினார், என் கணவரைப் பார்த்து. நான் கேள்வி கேட்டால்கூடப் பதில் அந்தப் பக்கம்தான் போனது. சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிடலாம், அடுத்த தீபாவளிக்கு ஆள் அடையாளம் தெரியாது என்றார். அந்தப் படத்தில் இருக்கிறவர்களில் ஒருவரோடு நான் பேச முடியுமா என்று கேட்டேன். அவர் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் யாரும் பழைய வாழ்க்கையைப் பற்றிப் பேச விரும்புவதில்லை என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவர் உற்சாகமாக இருந்தார். ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் நான் ஒரு முடிவு எடுத்தேன். சிவப்பில் செய்துகொள்வது, பச்சையில் வேண்டாம். அந்த அறையில் நான் உட்கார்ந்த நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது. இடுப்பு அதற்குள் சிக்கி, எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே எழுந்தது. என்னைப் போன்றவர்களே வந்துபோகும் அறையில் அப்படி ஒரு நாற்காலியை யார் போட்டுவைப்பார்கள்? இதைச் சொன்னபோது என் கணவர், "நாற்காலியப் பார்த்தா டாக்டரு எடுப்பாங்க?" என்றார். அந்த நாற்காலியை என்னால் மனசிலிருந்து தள்ள முடியவில்லை.

சிரம்பானில் துணிக்கடை வைத்திருந்த ஒரு செட்டியார் வீட்டு அம்மா அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் என்று பள்ளியில் ஒரு டீச்சர் காதோடு சொன்னார். அவர் வீடு ராசா என்ற பகுதியில். வெளியில் இரைப்பைப் புண் என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். நான் எப்படிப் போய்க் கேட்பது என்று பல நாள் அலைந்தேன். கடைக்குப் போய் வேண்டாத இரவிக்கைத் துணியெல்லாம் எடுத்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை, கல்லாவில் அவர் தனியாக இருந்தபோது, எனக்கும் அதே இரைப்பைப் புண் வரலாம் போல இருக்கிறது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, மறுநாள் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார்.

சாப்பிட அழைத்ததன் காரணம் அங்கே போன பிறகுதான் புரிந்தது. எனக்கு முழுச் சாப்பாடு பரிமாறிவிட்டு, தனக்கு ஒரு கிண்ணத்தில் குழைந்த சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டார். கிண்ணம் என்றால் குழந்தைக்குச் சந்தனம் குழைக்கும் அளவு. ஒரு வாய் எடுத்து, மென்று, மென்று, கரண்டியைக் கீழே வைத்து, காத்திருந்து, அடுத்த வாய். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். அவர் பாதியில் இருந்தார். இடையில் ஒருமுறை எழுந்து பின்பக்கம் போய் உமிழ்ந்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தார். கையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. முழுக்கை இரவிக்கை போடுவது அதற்காகத்தான் என்று அவரே தூக்கிக் காட்டினார். ஆனாலும் நடையில் ஒரு பெண்பிள்ளையின் வேகம் இருந்தது. கோயிலில் மூன்று சுற்று வருகிறேன், படுத்தால் தூங்குகிறேன் என்றார்.

அவருக்கு அறுவை செய்தவர் அந்தப் பொத்தான் மின்னிய டாக்டர்தான்.

"கை நல்ல கைம்மா. அதுல குறை சொல்ல மாட்டேன்," என்றார். "ரெண்டு மாசம் கழிச்சுத் தண்ணி கூட எறங்கல. போன் பண்ணா வெளிநாடு போயிருக்காருன்னாங்க. அப்புறம் பண்ணா அடுத்த மாசம் வாங்கன்னாங்க. நீ யார்கிட்ட போனாலும் சரி, எப்படி வெட்டுவீங்கன்னு கேட்காத. வெட்டினப்புறம் ஏதாச்சும் ஆனா நான் யாரைக் கூப்பிடணும்னு கேளு."

தண்ணீர் இறங்காமல் முடியெல்லாம் கொட்டி, கடைசியில் கோலாலம்பூரில் மருத்துவ மாணவர்கள் படிக்கும் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு சீன டாக்டர் வாய்வழியாகக் குழாய் விட்டு, ஒட்டிப்போன பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துச் சரிசெய்திருக்கிறார். அவரும் இந்தச் சிகிச்சை செய்கிறவர்தான், ஆனால் திட்டுவார், பார்த்துப் போ என்று எச்சரித்தார்.

இதற்கிடையில் செய்தி என் அம்மாவுக்கு எட்டிவிட்டது. அம்மா வாழ்நாளெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அப்பா இறந்த பிறகும் நான் வேலை பார்த்த தோட்டத்திலேயே தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தார். இருட்டில் எழுந்து வெறும் வயிற்றோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியவருக்கு, வயிறு நிறையச் சாப்பிடும் மகள் என்பது சாதனை. அந்த வயிற்றை வெட்டிச் சின்னதாக்கப் போகிறேன் என்றால் அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? பிள்ளையில்லாத குறைக்கு உடம்பாவது இருக்கிறதே, அதையும் ஏன் கெடுத்துக்கொள்கிறாய் என்றார். அதைக் கேட்டு நான் வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். பின்னாலேயே வந்தார். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நம்ம டாக்டரிடம் போ என்றார்.

நம்ம டாக்டர் என்றால் சிரம்பானில் இருந்த தமிழ் சர்ஜன். சுற்றியிருந்த தோட்டங்களில் பாதிப் பேர் வயிற்றில் அவர் போட்ட தையல் இருந்தது. என் மாமனாரின் குடலிறக்கம், அம்மாவின் பித்தக்கல் எல்லாம் அவர் கைதான். அவரைத் தாண்டிப் போவது சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பதைப் போல. இந்த முறை நானும் அம்மாவும் போனோம். அவர் அம்மாவைப் பெயர் சொல்லி விசாரித்தார். நாற்காலிக்குப் பதில் என்னைக் கட்டிலில் வசதியாக உட்கார வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இங்கேயே முடித்துவிடலாம் என்று மனசு சாய்ந்துவிட்டது.

இந்தச் சிகிச்சை நிறையச் செய்திருக்கிறீர்களா டாக்டர் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "வெளிநாட்டுல படிச்சப்போ பக்கத்துல நின்னு செஞ்சிருக்கேன்மா. இங்க இன்னும் தனியா செய்யல. உனக்குன்னா செய்யறேன், பயப்படாத," என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

துணிக்கடை அம்மா சொன்ன கேள்வியை இன்னும் கேட்கவில்லை. அம்மாவின் முன்னால் கேட்டால் அவமரியாதை ஆகிவிடும். கேட்காமல் போனாலும் நிம்மதி இல்லை. கட்டிலைவிட்டு இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டேன். தையல் பிரிந்தாலோ அடைத்துக்கொண்டாலோ என்ன செய்வீர்கள்?

அப்படி ஏதாவது ஆனால் உன்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லி, துணிக்கடை அம்மா சொன்ன அதே அரசாங்க ஆஸ்பத்திரியைத்தான் சொன்னார். சொன்னதும் அவருக்கே அது கேட்டிருக்கவேண்டும். கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நீ மொதல்லயே அங்க போயிடுறது நல்லதும்மா. நான் ஒரு வார்த்தை எழுதித் தரேன்," என்றார்.

வெளியே வந்ததும் அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். ஆளை வைத்துக்கொண்டு இப்படியா கேட்பது என்று வீட்டுக்குப் போகும்வரை முணுமுணுத்தார். எனக்கும் குற்றம் செய்தது போலத்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தால், எனக்கு அறுவை செய்யாத அந்த மனிதர்தான் என் விஷயத்தில் மிகப் பெரிய உதவி செய்தவர் என்று படுகிறது.

அரசாங்க ஆஸ்பத்திரி நீளமான மரப்பெஞ்சுகளும் மருந்து வாடையுமாக இருந்தது. விடியற்காலையில் போய்ப் பகல் முழுக்கக் காத்திருந்தோம். என் கணவர் மின்விசிறி ஆடுவதைப் பார்த்து அதன் திருகாணியைத் திட்டிக்கொண்டிருந்தார். உள்ளே சீன டாக்டர் கலைந்த தலையோடு, நின்றுகொண்டே பேசினார். மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. என் கணவர் பதில் சொல்ல வாய் திறந்தபோது, நான் டீச்சரைக் கேட்கிறேன் என்றார். காலையில் என்ன, பத்து மணிக்கு என்ன, பள்ளி விட்டதும் என்ன என்று துருவித் துருவிக் கேட்டார். சோற்றைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. நான் குடிக்கும் தேத்தண்ணீரையும் மைலோவையும் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தத் தையல் சோற்றைத்தான் தடுக்கும், சீனிபோட்ட தண்ணீர் அதன் வழியாகச் சுகமாக இறங்கிப் போகும் என்றார். உங்களுக்குச் செய்தாலும் பலிக்காமல் போகலாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு, கொஞ்சம்தான், ஆனால் உண்டு. வாழ்நாள் முழுக்க ஏதாவது ஒரு சாப்பாட்டை வாந்தி எடுப்பீர்கள். தோல் தொங்கும்.

வெட்டிய பிறகு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். அவர் கதவைத் திறந்து, வராந்தாவில் நின்ற இளம் டாக்டர்களையும் ஒரு தாதியையும் கூப்பிட்டு, என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இவங்க முகத்தைப் பார்த்துக்குங்க," என்றார் என்னிடம். "நான் இல்லன்னா இவங்க. இவங்க இல்லன்னா அவங்க. உங்க முகத்தை அவங்களும் பார்த்துக்கட்டும்லா."

ஆனால் உடனே நாள் கொடுக்கவில்லை. இனிப்புத் தண்ணீரை விட்டுவிட்டு, கொஞ்சம் எடை இறக்கிக்கொண்டு வாருங்கள், முடியாவிட்டால் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். காரில் என் கணவர் கொதித்தார். அங்கே ஒருவர் சிவப்புக் கம்பளம் விரித்துக் காத்திருக்கிறார், இங்கே வரிசையில் நின்று திட்டு வாங்கவேண்டுமா என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த மாதங்களில் நான் மனசு மாறாத வாரம் இல்லை. சீனி இல்லாத தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, பொத்தான் டாக்டரிடமே போய்விடலாம் என்று கிளம்பியும் இருக்கிறேன். சுங்கச் சாவடி வரை போய்த் திரும்பிவிட்டேன். அந்த வராந்தாவில் என்னைப் பார்த்து நின்ற முகங்கள்தான் திருப்பி அழைத்துக்கொண்டு வந்தன.

ஒருவழியாக எடை கொஞ்சம் இறங்கி, பள்ளி விடுமுறையில் அந்தச் சீன டாக்டர் கையால் அறுவை நடந்தது. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை கீறல். மறுநாளே தாதிகள் பிடித்து நடக்க வைத்தார்கள். அம்மா ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டி கரண்டியாக ஊட்டினார். இரண்டு கரண்டியில் போதும் என்றேன். மீதியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் முந்தானையால் டம்ளரை மூடி வைத்தார்.

சில மாதங்கள் கழித்து, ராசாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டு மறுவீட்டு விருந்து. எல்லாரும் மெலிந்துவிட்டாய் என்று கையைப் பிடித்துப் பார்த்த மகிழ்ச்சியில், ஓர் ஆட்டுக்கறித் துண்டைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். அது நெஞ்சுக்குள் ஆணி போல நின்றது. எச்சில்கூட இறங்கவில்லை. என் கணவர் கைகழுவக்கூட நிற்காமல் காரை எடுத்தார். கோலாலம்பூர் போய்ச் சேரும்வரை ஒரு துண்டில் துப்பிக்கொண்டே போனேன். சீன டாக்டர் வெளியூர் போயிருந்தார். அந்தச் செய்தியைக் கேட்டு என் கணவர் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குள் ஒரு மலாய் இளைஞர், வராந்தாவில் அன்று நின்றவர்களில் ஒருவர், என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"சிக்கு, நீங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்தானே?" என்று, மலாய்க்காரர்கள் டீச்சரைக் கூப்பிடும் சொல்லால் கூப்பிட்டு, மலாயில் கேட்டுவிட்டு, என்ன சாப்பிட்டேன் என்று மட்டும் விசாரித்தார். வேறு எதையும் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. குழாய் விட்டு அந்தத் துண்டை எடுத்தார்கள். பெஞ்சிலிருந்து எழுந்த என் கணவர் அந்த இளைஞரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, அவருக்கே வெட்கமாகிப்போய் வெளியே சிகரெட் பிடிக்கப் போய்விட்டார். பெரிய கடையைப் பற்றிய பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

எடை நன்றாகக் குறைந்தது. வகுப்பில் தூங்குவது நின்றது. இனிப்பு நீர் மாத்திரை பாதியானது. பிறகு சில வருடங்களில் கொஞ்சம் திரும்பியும் வந்தது. சீனிபோட்ட தேத்தண்ணீர் டாக்டர் சொன்னபடி சுகமாகத்தான் இறங்கியது. ஒவ்வொரு சோதனைக்கும் போகும்போது அவர் திட்டுவார், நான் தலையாட்டுவேன்.

அப்படி ஒரு சோதனை நாளில், பினாங்குக்கு மாற்றலாகிப் போகிறேன் என்று மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். அந்த இளைஞரும் மேற்படிப்புக்குப் போய்விட்டிருந்தார். வராந்தாவில் நின்ற முகங்களில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. புதிதாக வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். இன்னும் யாரென்றே தெரியாது என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இனி யாரிடம் போவது என்று கேட்டார். அடுத்த வாரம், சனிக்கிழமை கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, துணிக்கடைக்குக் கிளம்பினேன். அதே டாக்டரிடம் காட்டிவந்த அந்த அம்மாவுக்கும் செய்தி போயிருக்கும். அவர் யாரைப் பார்க்கப் போகிறார் என்று கேட்கவேண்டும்.